கோரஸ் இல்லாத குமாஸ்தா

அந்த நாடகக் குழுவில் அவரை எல்லோரும் மன்னர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் பால் பாக்கெட் வாங்க வரிசையில் நிற்கிற மனிதருக்கு இந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் இருபத்தாறு வருடமாக ஒரே மன்னனாக வேஷம் கட்டி, ஒரே கோட்டைக் கதவை மூடி, ஒரே மகனைப் பறிகொடுத்து அழுகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? அவருக்கும் அது பிடித்திருந்தது. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அந்தப் பழைய நாடகத்தின் கதை சின்னது. எதிரிப் படை வருகிறது. கோட்டைக் கதவை மூடச் சொல்கிறான் மன்னன். கொஞ்சம் பொறுங்கள் என்று ஊர்மக்களாக நிற்கும் கோரஸ்காரர்கள் பன்னிரண்டு பேரும் மூன்று தடவை கெஞ்சுகிறார்கள். அவன் காதில் போட்டுக்கொள்வதில்லை. கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்டது அவன் பெற்ற பிள்ளை. கடைசிக் காட்சியில் மன்னன் இடப்பக்கத்திலிருந்து நாலு எட்டு வைத்து மேடை நடுவுக்கு வருவான். வலது கையைத் தூக்கி, "நாடே, கேள்!" என்பான். "கேட்கிறோம், அரசே" என்று பின்னாலிருந்து பன்னிரண்டு குரலும் பதில் சொல்லும். அதற்கப்புறம் "கதவை மூடியது இந்தக் கை!" என்று தொடங்கி நாற்பது வரிப் புலம்பல். அதில் அரங்கமே மூக்கைச் சிந்தும்.

இந்த வருடம் டைரக்டர் ஒரு வேலை செய்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது, பேச்சும் குறைவு, பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஒரு நாள் பழைய நாடகம், மறுநாள் புது நாடகம், இரண்டுக்கும் ஒரே கதாநாயகன் என்று அறிவித்துவிட்டாள். புது நாடகத்தில் மன்னர் ஒரு லிஃப்ட் சோதனைக் குமாஸ்தா. கால் வலிக்கிறது என்று மேலே ஏறிப் பார்க்காமலே 'சரியாக உள்ளது' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறான். மூன்றாம் நாள் லிஃப்ட் கயிறு அறுந்து இரண்டு பேர் சாகிறார்கள். கயிறு செய்த கம்பெனியைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள், இவன் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கடைசிக் காட்சியில் வீட்டுக்கு வந்து மனைவியிடம் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிறான். சொல்ல வரவில்லை. "சாப்பாடு இருக்கா?" என்று கேட்கிறான். திரை.

"சாப்பாடு இருக்கான்னு கேட்டு முடியிற சோக நாடகத்தை எங்கேம்மா பார்த்த?" என்று மன்னர் முதல் நாளே குதித்தார்.

"ராஜாவும் குமாஸ்தாவும் ஒரு தப்புப் பண்ணித்தான் அழிஞ்சு போறாங்க. என்ன வித்தியாசம்னு எழுதிட்டு வாங்கண்ணே" என்றாள் டைரக்டர்.

அவர் மறுநாள் ஒரே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தார். 'அவன் மலையிலிருந்து விழுகிறான், இவன் கட்டிலிலிருந்து விழுகிறான்.' எழுதியதில் அவருக்குப் பெருமை வேறு. அவள் படித்தாள், சிரிக்கவில்லை. "கட்டில்லேர்ந்து விழுந்தும் உயிர் போகும்ணே" என்று காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

ஒத்திகை ஒவ்வொன்றும் கூத்தாகத்தான் இருந்தது. குமாஸ்தா வீட்டுக்குள் நுழைந்தால் கட்டியக்காரன் முன்னால் வருகிற மாதிரி இருக்கும். "சாப்பாடு இருக்கா?" என்று அவர் கேட்டது பால்கனி வரை போய் முட்டித் திரும்பியது. "அண்ணே, நீங்க சாப்பாடு கேக்குறீங்களா, கப்பம் கேக்குறீங்களா?" என்றாள் டைரக்டர். மனைவியாக நடித்த டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அவள் பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். ஆள் புதுசு என்று மன்னருக்கு ஒரு நினைப்பு.

வெளியே அவர் குதித்தாலும் உள்ளே பயம் அரித்துக்கொண்டிருந்தது. ராஜ உடுப்பு ஒன்பது கிலோ. இன்னும் இரண்டு வருடத்துக்குமேல் அதை இந்த முட்டிகள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரீடத்தைக் கழற்றின பிறகும் மேடையில் நிற்க வேண்டுமென்றால், அரைக்கைச் சட்டை போட்ட மனிதனாக நடிக்கத் தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் வீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டியதுதான். மேடையை விட்டுவிட்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. டைரக்டரும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை முதல் காட்சி. குமாஸ்தா வேஷம் உங்களுக்கு வரலைன்னா அடுத்த காட்சியிலேர்ந்து தளபதிதான்." பழைய நாடகத்தில் தளபதியாக வருகிறவனுக்குத் தையல்காரர் குமாஸ்தா சட்டைக்கு அளவு எடுத்ததை மன்னர் தன் கண்ணாலேயே பார்த்தார்.

சனிக்கிழமை பழைய நாடகம் ஜாம்ஜாமென்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் குமாஸ்தா.

முக்கால்வாசி தட்டுத்தடுமாறி ஓடியது. கடைசிக் காட்சி வந்தது. ஒரு மேஜை, ஒரு பிளாஸ்டிக் குடம், சுவரில் காலண்டர். டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மன்னர் இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மேடை நடுவில் விளக்கு விழுகிற இடம் இரண்டு நாடகத்துக்கும் ஒன்றுதான், தரையில் ஒட்டிய டேப்பும் ஒன்றுதான். அதே பக்கத்திலிருந்து அதே நாலு எட்டு. இருபத்தாறு வருடப் பழக்கம் காலில் இருந்தது. டேப்பை மிதித்ததும் வலது கை தானாகத் தூக்கிக்கொண்டது, வாயும் தானாகத் திறந்துகொண்டது.

"நாடே, கேள்!"

சொல்லிவிட்டு, வழக்கம்போல, பின்னாலிருந்து வரவேண்டிய பதிலுக்காக நின்றார். பதில் வரவில்லை. பின்னால் காலண்டர்தான் இருந்தது. அப்போதுதான் தான் எந்த நாடகத்தில் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அடுத்த வரி என்ன? ஒன்றும் ஞாபகமில்லை. மூன்றாம் வரிசையில் தளபதி உட்கார்ந்திருந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

டீச்சர் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"யாருகிட்ட பேசுறீங்க?" என்றாள். மெதுவாக, உண்மையான கவலையோடு. "இங்க நான் மட்டும்தானே இருக்கேன்."

அது நாடகத்தில் இல்லாத வசனம். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் தலையைச் சொறிந்துகொண்டார். அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. இந்தக் குமாஸ்தா அழுதால் கேட்கக்கூட ஊர் இல்லை என்று மன்னருக்கு அந்த நிமிஷம் புரிந்தது. மன்னன் விழுந்தபோது பன்னிரண்டு பேர் கேட்டார்கள். இவன் விழுந்தது இவனுக்கு மட்டும்தான் தெரியும், நாளைக் காலையில் மறுபடி ஆபீசுக்கு வேறு போக வேண்டும்.

"சாப்பாடு இருக்கா?" என்றார். கடைசி வரிசைக்காரர்கள் முன்னால் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

திரை விழுந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் கைதட்டல் வந்தது. ஒப்பனை அறைக்கு வந்த அவருடைய மனைவி, "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உங்களைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு" என்று அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பின்னாலேயே டைரக்டர் வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

"அண்ணே, அந்த 'நாடே, கேள்'... எப்படிண்ணே தோணிச்சு? பழைய நாடகத்தைக் கொண்டுவந்து இதுக்குள்ள போட்டீங்களே!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேஷம் நிரந்தரம், பேரும் புகழும் கூடவே. வரி மறந்துபோனது என்று சொன்னால், வயதாகிவிட்டது என்று தானே எழுதிக் கொடுத்த மாதிரி. குமாஸ்தாவுக்கும் இப்படி ஒரு நிமிஷம்தானே வந்தது என்று நினைத்தார். கண்ணாடியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தோணலைம்மா. கால் பழக்கத்துல வந்துடுச்சு. எல்லாம் மறந்துபோய் நின்னுட்டேன். காப்பாத்தினது டீச்சர்."

"தளபதியை ஏமாத்திட்டீங்க" என்றாள் டைரக்டர். "சட்டை தைச்சு முடிச்சாச்சு. பரவாயில்ல, அதை அவனே வெளியில போட்டுக்கட்டும். குமாஸ்தா நீங்கதான்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. டீச்சரைத் தேடினால் ஆளைக் காணோம். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று வேஷத்தைக் கலைத்த கையோடு பஸ் பிடித்துப் போய்விட்டாளாம்.

மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்கே போனார். காலி வகுப்பில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவள், "அண்ணா, நீங்களா!" என்று எழுந்தாள். அவர் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முட்டியை மடக்கி ஒருவழியாக உட்கார்ந்தார்.

"நன்றி சொல்ல வந்தேம்மா. நேத்து நீ பேசலைன்னா நான் அங்கேயே செத்துருப்பேன். எப்படிம்மா சட்டுனு அந்த வார்த்தை வந்துச்சு?"

"நீங்க வேற! 'கேட்கிறோம், அரசே'ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு எனக்கு. கஷ்டப்பட்டு முழுங்கிட்டேன். முழுங்கினதும் என்ன சொல்றதுன்னு தெரியல. சுத்திப் பார்த்தேன், நான்தான் இருந்தேன். அதையே சொல்லிட்டேன்."

"உனக்கு ஏன் அது வாய்க்கு வருது?"

அவள் தயங்கினாள். "நான் கோரஸ்ல இருக்கேன்ணா. பின்வரிசை, இடது ஓரம். பதினோரு வருஷமா."

தலையில் சாம்பல் துணி போர்த்தியவர்கள் பின்னால் நிற்பார்கள் என்று மன்னருக்குத் தெரியும். திரும்பிப் பார்த்ததில்லை. திரும்புகிற மாதிரி நாடகத்தில் எழுதியும் இல்லை. பதினோரு வருடமாக அவர் அழும்போதெல்லாம் பின்னால் நின்று கேட்டவளை, புதுசு என்று நினைத்திருக்கிறார்.

"இத்தனை வருஷம் கேட்டதுக்கும் சேர்த்து நன்றிம்மா" என்றார். "உனக்கும் மத்த பதினோரு பேருக்கும்."

டீச்சர் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நாங்க 'கேட்கிறோம்'னு ஆரம்பிச்ச உடனே நீங்க அடுத்த வரிக்குப் போயிடுறீங்க. 'அரசே'ன்னு முடிக்க ஒரு நாள்கூட நீங்க விட்டதில்ல. நாங்க எங்களுக்குள்ள பேசிக்குவோம், உங்ககிட்ட யார் சொல்றதுன்னு."

அவருக்குக் கோபம் வரவில்லை. கெஞ்சினாலும் கேட்காத மன்னனாக நடிக்க அவர் இத்தனை வருடம் எந்தப் பாடும் படவே இல்லை என்று தோன்றியது. தன்னைத்தானே பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

அன்று மாலை கோட்டைக் கதவு மூடியது, பிள்ளை செத்தான். மன்னன் நாலு எட்டு வைத்து நடுவுக்கு வந்து, கையைத் தூக்கி, நாட்டைக் கேட்கச் சொன்னான். சொன்னவன் திரும்பி அவர்களைப் பார்த்து நின்றான். பன்னிரண்டு பேரும் ஒரு கணம் திகைத்தார்கள். பிறகு அந்தப் பதிலைக் கடைசி எழுத்து வரை சொல்லி முடித்தார்கள். அது முடிந்த பிறகுதான் மன்னர் பேசினார்.