இசக்கியம்மாள் பாடிப் போனாள்

விலங்கியல் துறையின் கபடி அணியில் இசக்கியம்மாளைத் தவிர எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்கான துறைப் போட்டி என்றால் அப்படித்தான். தொடப்பட்டவர்களும் பிடிபட்டவர்களும் செத்தவர்கள். அவர்கள் கோட்டுக்கு வெளியே போய் பெஞ்சில் உட்கார வேண்டும். அவர்கள் அணியில் யாராவது பாடிப் போய், எதிரணியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் திரும்பி வந்தால், முதலில் செத்தவள் முதலில் எழுந்து வரலாம். அதுவரைக்கும் விடுதியில் சாப்பாடு உண்டு. நூலகத்தில் புத்தகம் கிடையாது. ஆய்வகத்தில் அவர்களுடைய மேசையை வேறு யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். துணி போட்டு மூடி வைப்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பெஞ்சு நிறைந்திருந்தது. நடுவில் மைதீன் பாத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் ஜெப்சிபா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மறுநாள் காலையில் வைவா. வௌவால்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேட்டின் மேல் கேள்வி கேட்பதற்காக வடக்கே இருந்து ஒரு பேராசிரியர் ரயில் ஏறிவிட்டார். செத்தவர்கள் வைவாவில் உட்கார முடியாது.

அணியிலேயே முதலில் செத்தவள் ஜெப்சிபாதான். ஆட்டம் தொடங்கியதும் எதிரணிக்காரி பாடி வந்தாள். ஜெப்சிபா அந்த நேரம் தன் முடிவுரையை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் கை பட்டதே அவளுக்குத் தெரியவில்லை. நடுவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

இசக்கி சாகாமல் இருந்ததற்குத் திறமை காரணமில்லை. அவள் வயல் நத்தைகளை ஆராய்கிறவள். இது ஏழாவது வருடம். நத்தைகளைப் பார்த்துப் பார்த்து அசையாமல் நிற்பது அவளுக்குப் பழகிவிட்டது. ஆள் குறைகிறது என்று அணியில் சேர்த்தார்கள். அவள் ஒரு மூலையில் போய் நின்றாள். பொருளாதாரத் துறைக்காரிகள் பாடி வந்தார்கள், பக்கத்தில் நின்றவர்களைத் தொட்டார்கள், போனார்கள். ஒருத்தி அவளைக் கொடிக்கம்பம் என்று நினைத்து ஒதுங்கிப் போனாள்.

இப்போது பாடிப் போக வேறு ஆளில்லை.

“ஏட்டி இசக்கி, ஒருத்தியத் தொட்டுட்டு வந்துரு. நான் சேலைகூட எடுத்து வச்சிட்டேன்” என்றாள் ஜெப்சிபா.

“எனக்குப் பாடத் தெரியாதுட்டி.”

“கபடின்னு சொல்லணும், அம்புட்டுதான்” என்றாள் பாத்து. “ஏழு வருசமா ஒரே விசயத்தத்தான சொல்லிக்கிட்டு இருக்க.”

இசக்கி மூச்சை இழுத்துக்கொண்டாள். நடுக்கோட்டைத் தாண்டினாள். கபடி கபடி கபடி.

பொருளாதாரத் துறைக்காரிகள் கைகோத்துக்கொண்டு பின்னால் போனார்கள். அவள் ஓர் அடி வைத்தால் அவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். இந்நேரம் எல்லைக்கோடு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பார்த்தால், மைதானத்தைப் பார்த்துக்கொள்கிற பால்பாண்டி சுண்ணாம்பு வாளியோடு பின்பக்கமாக நடந்தபடி கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே போனார்.

இசக்கி நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். நடுவர் சவரிராயன் உடற்கல்வி இயக்குநர். பால்பாண்டி எங்கே நிற்கிறாரோ அங்கேதான் கோடு என்றார் அவர். அதெல்லாம் அவர் பொறுப்பு, நீ பாட்டை விடாதே என்றும் சொன்னார்.

மைதானம் முடிந்தது. சாலை வந்தது. பல்கலைக்கழகப் பேருந்து நின்று வழிவிட்டது. பொருளாதாரத் துறைக்காரிகள் பின்னால் நடந்து கழுத்து வலித்ததால் திரும்பிக்கொண்டு நேராகவே நடக்க ஆரம்பித்தார்கள். கேன்டீனில் ஒருத்தி சமோசா வாங்கினாள். வாங்கி முடிக்கும்வரை மற்றவர்கள் நின்றார்கள். இசக்கியும் நின்றாள். தொட்டிருக்கலாம். ஆனால் நடுவில் ஒரு வரிசை இருந்தது. அதில் புகுந்து போவது முறையாக இராது என்று அவளுக்குப் பட்டது.

மூச்சு தீரவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருடத்தில் எத்தனையோ தீராமல் இருக்கின்றன.

நூலக வராந்தாவில் அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தாணுமாலயன் எதிரே வந்தார். அவரைக் கண்டால் இசக்கி வழக்கமாகத் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். இன்றைக்கு முடியவில்லை.

“மூணாவது இயல் என்னம்மா ஆச்சு?”

“கபடி கபடி கபடி கபடி.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“போன தடவைக்கு இப்போ தெளிவா இருக்கு. நடுவுல ஒரு இடத்துல கொஞ்சம் தொய்வு. அத மட்டும் பாத்துக்க. அடுத்த வாரம் எழுத்துல கொண்டா.”

அவர் போய்விட்டார். ஏழு வருடத்தில் அவர் அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் இசக்கி மூச்சை விட்டிருப்பாள். எப்படியோ பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் கைபேசி அடித்தது. ஆலங்குளத்திலிருந்து அம்மா. எடுக்காவிட்டால் அம்மா விடுதிக் காப்பாளருக்கு அடிப்பாள். இசக்கி எடுத்துக் கபடி கபடி என்றாள். சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டாள். அத்தை மகளுக்கு வளைகாப்பு, வருவாயா என்று கேட்டாள். எப்போதுதான் இந்தப் படிப்பை முடிப்பாய் என்று கேட்டாள். இசக்கி மூன்றுக்கும் பதில் சொன்னாள். எதைக் கேட்டாலும் நீ சொல்வது ஒன்றுதான் என்று அம்மா சலித்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

பொருளாதாரத் துறையின் வராந்தா நீண்டது. அவள் நடக்க நடக்க இன்னும் நீண்டது. கதவுகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் கருத்தரங்கக் கூடம் வந்தது. எதிரணிக்காரிகள் உள்ளே புகுந்து கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யார் ஆட்டக்காரி, யார் பார்வையாளர் என்று தெரியவில்லை.

அடுத்ததாக விலங்கியல் துறை ஆய்வாளர் தன் கட்டுரையை வாசிப்பார் என்று தலைவர் அறிவித்தார். இசக்கி மேடை ஏறினாள். ஒலிபெருக்கியில் கபடி கபடி என்றாள். கூட்டம் கவனமாகக் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். கேள்வி நேரத்தில் ஒரு முதியவர் எழுந்து, இது கேள்வியில்லை, ஒரு சின்னக் கருத்து என்று தொடங்கினார். அவர் உட்கார்ந்தபோது சன்னல்களில் வெயில் பக்கம் மாறியிருந்தது. இசக்கி அவருக்கும் பதில் சொன்னாள். அவருக்குத் திருப்தி. பொன்னாடை போர்த்தினார்கள்.

இதற்குள் ஆட்டக்காரிகள் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்கள். இசக்கி பொன்னாடையோடு வெளியே ஓடினாள்.

துறைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் பால்பாண்டி கோட்டைப் போட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. தொட்டிச் சுவரில் எதிரணித் தலைவி சங்கரவடிவு ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள்.

“முள்ளு குத்திட்டு. இனி ஓட முடியாது” என்றாள் சங்கரவடிவு. “தொடுறதுன்னா தொடுங்க. ஒண்ணு மட்டும் சொல்லிக்கிடுதேன்.”

அவள் சொன்னது இதுதான். அவளுடைய நெறியாளர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் இருக்கும்போதே ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வேறொருவரிடம் மாற்றிவிடுவார்கள். அந்தப் புது நெறியாளர் எல்லாரையும் முதல் இயலிலிருந்து திரும்ப எழுதச் சொல்கிறவர். செத்தவர்கள் ஆய்வேடு கொடுக்க முடியாது. செத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். பாடிப் போனவர்களெல்லாம் இன்றைக்குக் களைத்துப் போனார்கள். மிச்சம் இருப்பது முதல் வருடத்துக் கோமு.

“அவ கோட்டத் தாண்டினதே இல்ல. கபடின்னு ஆரம்பிச்சா சிரிச்சிருவா.”

இசக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே படாமல் தள்ளி உட்கார்ந்தாள். ஜெப்சிபா எடுத்து வைத்த சேலையை நினைத்தாள். அந்த ரயிலை நினைத்தாள். இவளுடைய காலைப் பார்த்தாள். குதிகாலில் முள் ஒடிந்து நின்றது.

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. நான் உன்னைத் தொடாமல் போக முடியாது. ஆனால் போனதும் அங்கேயே நிற்பேன். கோமு வந்தால் நகர மாட்டேன். அவள் சிரித்தாலும் காத்திருப்பேன். நீ எழுந்துவிடலாம். இவ்வளவையும் இசக்கி சொன்னாள்.

“கபடி” என்றாள், மெதுவாக. “கபடி. கபடி.”

சங்கரவடிவு அவள் முகத்தையே பார்த்தாள்.

“நெசமாவா?”

“கபடி.”

சங்கரவடிவு கையை நீட்டினாள். இசக்கி ஒரு விரலால் தொட்டாள். சங்கரவடிவு செத்துப்போனாள். பிறகு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, நான் மெதுவா பெஞ்சுக்கு வாரேன், நீங்க முன்னால ஓடுங்க, மூச்சு போயிரப்போகுது என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் மூச்சுக்கு ஞாபகம் வந்தது. அது வேகமாகத் தீர ஆரம்பித்தது. வராந்தா போகும்போது இருந்ததைவிட நீளமாக இருந்தது. நடுவில் புதிதாக இரண்டு வகுப்பறைகள் முளைத்திருந்தன, உள்ளே பாடம் நடந்துகொண்டிருந்தது. இசக்கி ஓடினாள். பொன்னாடை தடுக்கியது. அதை ஒரு சன்னலில் போட்டுவிட்டு ஓடினாள். நூலகத்தருகே ‘க’ போய்விட்டது. சாலையில் ‘ப’வும் போய்விட்டது. மைதானத்துக்குள் அவள் டி, டி, டி என்றுதான் வந்தாள். நடுக்கோட்டுக்கு முன்னால் விழுந்தாள். விரல் நுனி கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

சவரிராயன் குனிந்து விரலைப் பார்த்தார். விசில் ஊதினார்.

ஜெப்சிபா உயிரோடு எழுந்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். மின்சாரம் போவதற்குள் சேலையைத் தேய்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே விடுதிக்கு ஓடினாள்.

அடுத்து பொருளாதாரத் துறையின் முறை. கோமுவை முன்னால் தள்ளிவிட்டார்கள். கோமு கோட்டருகே வந்து நின்று கபடி என்றாள். உடனே இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பவும் தொடங்கினாள். திரும்பவும் சிரிப்பு. சங்கரவடிவு பெஞ்சில் உட்கார்ந்து காலிலிருந்த முள்ளை எடுத்துக்கொண்டே பார்த்திருந்தாள்.

“வாம்மா” என்றாள் இசக்கி. “ஒண்ணும் பண்ண மாட்டேன்.”

கோமு ஒரு காலை உள்ளே வைத்தாள். கபடி பாதியும் சிரிப்பு பாதியுமாக வந்தது. இசக்கி தோளைக் கொண்டுபோய் அவள் கைக்கு நேராக வைத்தாள். கை பட்டது. கோமு திரும்பி ஓடினாள். ஓடி முடித்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது.

நகர்ந்திருக்கலாமே என்று சவரிராயன் கேட்டார். கால் வரவில்லை சார் என்றாள் இசக்கி.

பெஞ்சில் பாத்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அடுத்து எழுந்திருக்க வேண்டியவள் அவள்தான். ஏட்டி, உனக்குக் கொழுப்பா என்று கேட்டாள். பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். கடலையும் கொடுத்தாள். விலங்கியல் துறையில் உயிரோடு இருந்த ஒரே ஆள் சேலை தேய்க்கப் போயிருந்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டது.

மறுநாள் ஜெப்சிபாவின் வைவா நன்றாக நடந்தது. செத்தவர்களுக்குக் கூடத்தில் இடமில்லை, அவர்கள் வெளியே சன்னலோரம் நின்று கேட்டார்கள். வடக்கே இருந்து வந்த பேராசிரியருக்கு வௌவால் என்றால் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் அதிகம் கேட்கவில்லை. அதே நேரம் சங்கரவடிவு நொண்டிக்கொண்டே ஆய்வேட்டுக் கட்டுகளைச் சுமந்தபடி நிர்வாகக் கட்டடத்துக்குப் போவது சன்னலருகிலிருந்து தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள். கை காட்ட முடியவில்லை. கட்டுகளோடு கொஞ்சம் குனிந்தாள்.

கடைசியில் ஜெப்சிபா நன்றி சொன்னாள். நெறியாளருக்கு, பெற்றோருக்கு, சபை ஊழியருக்கு, ஆய்வக உதவியாளருக்கு, ஒத்துழைத்த வௌவால்களுக்கு எல்லாம் சொன்னாள்.

“உன் பேரச் சொல்லலையேட்டி” என்றாள் பாத்து.

“பதட்டத்துல விட்டுப்போயிருக்கும்” என்றாள் இசக்கி. அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ரொம்ப இல்லை.

பிறகு லட்டும் மிக்சரும் காப்பியும் கொடுத்தார்கள். செத்தவர்கள் வரிசையில் கடைசியில் நின்றார்கள். அவர்கள் முறை வந்தபோது மிக்சர் இருந்தது, காப்பி இருந்தது. லட்டு தீர்ந்திருந்தது.

பேராசிரியர் தாணுமாலயன் தட்டோடு அந்த வழியாக வந்தார். இசக்கியைப் பார்த்தார். இசக்கி பழக்கத்தில் பக்கத்தில் ஒரு தூணைத் தேடினாள். அவர் வாயைத் திறந்தார். அவள் எந்த வரிசையில் நிற்கிறாள் என்று கவனித்தார். வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது இயலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் தட்டிலிருந்த லட்டை எடுத்து அவள் தட்டில் வைத்துவிட்டுப் போனார்.

இசக்கி சன்னல் திண்டில் உட்கார்ந்து, அதை உதிர்த்து உதிர்த்துத் தின்றாள். நடுவில் ஒரு முந்திரி இருந்தது. அவசரப்படவில்லை.