நாத்தனாருக்கு ஒரு களம்

புது வீடு கட்டினால் ஆளாளுக்கு ஓர் ஆசை இருக்கும். என் புருஷனுக்குப் பின்பக்கம் காய்கறித் தோட்டம் போட ஆசை. எனக்கு அதே இடத்தில் ரிங் விளையாட ஒரு களம் வேண்டும், அதுவும் செயற்கைப் புல் போட்டு.

"பிளாஸ்டிக் புல்லுக்கா இவ்வளவு பாடு?" என்றார்.

"புல்லானாலும் புருஷன்னு உங்களைச் சகிச்சுக்கிட்டேன்ல? நீங்க புல்லைச் சகிச்சுக்கோங்க."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது அவருக்குத் தெரியும்.

களம் எனக்கில்லை. விளையாட்டு எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. அது என் நாத்தனாருக்கு, அவருடைய அக்காவுக்கு. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நாத்தனார் என்றாலே வந்த பெண்ணை ஆட்டி வைப்பவள் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு வாய்த்தவளோ, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான் கால் விளங்காமல் கிடந்தபோது லீவு போட்டு வந்து, குளிப்பாட்டி, தலைவாரி, என்னைச் சுவரைப் பிடித்து நடக்க வைத்தவள். அப்போது அவள் ஆபீஸ் அணியில் ரிங் ஆடிக்கொண்டிருந்தாள். ரப்பர் வளையத்தை ஒற்றைக் கையால் பிடித்து, அதே கையால் வலைக்கு மேலே திருப்பி எறிகிற ஆட்டம். அதில் அவளை ஜெயிக்க ஆளில்லை. எனக்காக அணியை விட்டவள் திரும்பிப் போகவேயில்லை. அதற்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்குள் அதையெல்லாம் எப்படிச் சொல்வது?

இப்போது அவள் எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்கு மூட்டு அறுவை சிகிச்சை. நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் விழுந்துவிடுவோம் என்கிற பயம் வந்துவிட்டது. கட்டிலை விட்டால் ஜன்னல், ஜன்னலை விட்டால் பாத்ரூம், அதுவும் கைத்தடியோடு. "இப்படியே உக்காந்திருந்தா தசை வத்திடும். அப்புறம் நடக்கணும்னு நினைச்சாலும் முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழுந்தாலும் அடிபடாத தரை இருந்தால் வருவாளோ என்றுதான் இந்தப் புல்.

"எனக்காகன்னா வேண்டாம். நான் அங்க காலே வைக்க மாட்டேன்" என்றாள்.

நான் விடுவேனா? வேலை தொடங்கியது. கல்தூளைக் கொட்டி, ரோலர் ஓட்டி இறுக்கி, மட்டம் பார்த்தார்கள். புல் போட வந்தவரை நாங்கள் புல்லுக்காரர் என்றே கூப்பிட்டோம். பாய் மாதிரி சுருட்டி வந்த புல்லை விரித்து, இழையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, ஒரு பாயும் இன்னொரு பாயும் சேருகிற மூட்டில் பசை போட்டு ஒட்டினார்.

"மூட்டுதாம்மா முக்கியம். மூட்டு போச்சுன்னா எல்லாம் போச்சு" என்று சத்தமாக ஒரு பாடம் வேறு. மாடாய் உழைக்கிற மனுஷனை வாயை மூடு என்று எப்படிச் சொல்வது? அக்காவின் ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது.

கடைசி வேலை கோடுகள். பச்சைப் புல்லைப் பட்டையாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைப் புல்லை ஒட்ட வேண்டும். வெட்டினால் வெட்டினதுதான். புல்லுக்காரர் சாக்பீஸால் குறி போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார்.

"சரியா இருக்காம்மா?"

எனக்கு என்ன தெரியும்? "ஜோரா இருக்கு" என்றேன்.

"நிறுத்துங்க! கத்தியை வைக்காதீங்க!"

திரும்பினால், ஜன்னல் திறந்து கிடக்கிறது, ஜன்னலில் ஆளைக் காணோம். பின்வாசல் வழியாக அக்கா வந்துகொண்டிருந்தாள். கையில் தடி இல்லை.

"இது பேட்மின்டன் கோடுங்க! ரிங்குக்கு வலைகிட்ட, வளையம் விழக்கூடாத இடமா ஒரு எட்டுதான் விடணும். பாதி களத்தை இப்படி முழுங்கிட்டா மிச்சத்துல நின்னு பல்லாங்குழியா ஆடுறது?"

புல்லுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "எல்லா வீட்டுலயும் பேட்மின்டன்தாம்மா கேப்பாங்க. கை பழக்கத்துல போட்டுட்டேன்."

"அவரை விடு. நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஜோரா இருக்குங்கிற!"

திட்டிக்கொண்டே சாக்பீஸ் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். அறுவை செய்த காலால். பிறகு வலை வரப்போகும் இடத்திலிருந்து ஓர் எட்டு வைத்து, "இங்க" என்று காட்டினாள். என் புருஷன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

மணல் தூவி, பிரஷ் போட்டு, வலையும் கட்டிய அன்று மாலை, "கோடு ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு அக்கா வந்தாள். வெறுங்காலால் புல்லை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். என் கையிலிருந்த புது ரிங்கை வாங்கி எடை பார்த்தாள்.

"போய் அந்தப் பக்கம் நில்லு."

நின்றேன். அவள் எறிந்த ரிங் சுழலாமல், ஆடாமல், வலையைத் தாண்டி நேரே என் தோளில் இடித்து விழுந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு காலையும் அகட்டி, எதையும் பிடிக்காமல் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது.

"தேங்க்ஸ்க்கா" என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

எதற்கென்று அவளுக்குத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கண்ணைத் துடைச்சுட்டு ரிங்கை எடு. எனக்கு விட்டுக்குடுத்தெல்லாம் பழக்கமில்ல."