வேலிக்கு வெளியே ஒரு முழுக்கு

கருங்கல் மலைகள் இருமருங்கும் நின்று வெம்மையைத் தம் நெஞ்சில் தேக்கிவைத்து இரவெல்லாம் மெல்ல மெல்ல உமிழ, இலையுதிர்ந்த ஆனைப்புளி மரங்கள் பருத்த அடிகளோடு கரைமேட்டில் வாய்மூடி நிற்க, மழை முகம் காணாது வெடித்த பள்ளத்தாக்கின் நடுவே சாம்பேசிப் பேராறு கோடைக்குரிய மெலிவோடும் பழுப்பு நிறத்தோடும் ஒழுகிக்கொண்டிருந்த விடியற்பொழுது அது. சியம்போண்டோ ஊரின் மகளிர் சுரைக்குடங்களைத் தலையில் ஏந்தி மணற்சரிவில் இறங்கி, ஆற்றின் ஓரத்தில் அரைவட்டமாய் அறையப்பட்டிருந்த முளைவேலிக்குள் முழங்கால் அளவு நீரில் நின்று, ஒருத்தியை ஒருத்தி கேலி பேசிக்கொண்டே நீர் முகந்தனர். ஆளுயரக் கழிகளை நெருக்கமாய் நட்டு, இடையிடையே முட்கிளைகளைச் செருகி, மரப்பட்டை நாரால் இறுகக் கட்டிய அவ்வேலிக்கு அப்பால் ஒரு பெண்ணும் காலெடுத்து வைத்ததில்லை. முதலைக்குத் தன் மகவையோ உடன்பிறப்பையோ கொடாத வீடு அவ்வூரில் அரிது.

அம்மகளிரைக் கரைமேட்டிலிருந்து நோக்கியவாறு நின்றிருந்தவன் மலாம்போ. மேட்டுநிலத்து ஊரொன்றில் பிறந்து, இறைப்பணி மன்றத்தாரிடம் எழுத்தும் மறையும் பயின்று, நற்செய்தி உரைக்கவும் திருமுழுக்கு அளிக்கவும் ஒப்புதல் பெற்று இப்பள்ளத்தாக்கிற்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவன் சோம்பியவனல்லன், ஊர்தோறும் நடந்தான், நோயுற்றோர் அருகில் இருந்தான், தொண்டை வற்றும்வரை பேசினான். ஆனால் அவன் பேசிய சொற்களெல்லாம் ஆற்றுமணலில் ஊற்றிய நீராய் எங்கே போயின என்று அவனுக்கே தெரியவில்லை. ஒருவரும் முழுக்குப் பெறவில்லை. மழை தொடங்குமுன் ஒருவரேனும் பெறாவிடில் அந்தப் பணியிடத்தை மூடிவிடுவோம் என்று மன்றத்துப் பெரியவர் சொல்லியனுப்பியிருந்தார். வெறுங்கையோடு மலையேறித் திரும்பும் நாளை எண்ணும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு கசந்தது.

அவனுக்கு இருந்த நம்பிக்கையெல்லாம் ஒருவன்மீது. வேலி நடுபவனான முன்சாக்கா இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் கூரைவீட்டுக் கோயிலுக்கு வந்து, பின்பக்கத்து மரக்கட்டையில் அமர்ந்து, ஒரு சொல்லும் வினவாது கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். வெள்ளம் வடியும் ஒவ்வோராண்டும் பழைய வேலியைப் பிடுங்கிப் புதுவேலி இடுவது அவன் குடும்பத்துக்கு உரிய பணி. முதலை அண்டாதிருக்க மழைக்கோயில் பூசகர் தரும் மருந்து வேரை முதல் முளையில் கட்டுவதும் அவனுக்கே உரியது. மலாம்போ அன்று மணலில் இறங்கியபோது, தளர்ந்துபோயிருந்த அந்த வேரைத்தான் முன்சாக்கா புதுநாரால் இறுக்கிக்கொண்டிருந்தான். அதைக் கண்டதும் நற்செய்தியாளனின் முகம் சுருங்கியது.

"அண்ணே, இன்னுமா இதைக் கட்டுறீங்க?"

"கட்டாட்டி பொம்பளைங்க தண்ணிக்கு இறங்க மாட்டாங்களே, உபதேசியாரே. எங்கப்பன் கட்டினான், நான் கட்டுறேன். என் வேலை இது."

"அப்ப ரெண்டு வருசமா நான் கத்துனதெல்லாம்?"

முன்சாக்கா அவ்வூர் வழக்கப்படி முன்பற்கள் களைந்த வாயைத் திறந்து உரக்கச் சிரித்தான். "நீங்க ஒரு ஆளு! ஈர மண்ணுல சோளத்தைப் போட்டுட்டு, தெனம் தெனம் தோண்டிப் பாக்குறீங்க. அது பாட்டுக்குக் கெடக்கட்டும், விடுங்க."

விட்டானா? விடவில்லை. நண்பரே, நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தீங்கைப் போல் தடுக்க அரியது வேறில்லை. தன் ஆர்வத்தை இறைவனின் ஆணை என்று எண்ணிக்கொள்ளும் மாந்தனுக்கு அருகில் நின்று எச்சரிப்பார் யார்? மறுநாள் மாலை மலாம்போ முன்சாக்காவின் குடிசைக்குச் சென்று, முழுக்குப் பெற ஒப்புகிறாயா என்று நேராகவே கேட்டான். முன்சாக்கா கையிலிருந்த களியுருண்டையைக் கீரையில் தோய்த்து வாயிலிட்டு, மென்று விழுங்கிய பின்னரே விடை சொன்னான்.

"கேப்பீங்க கேப்பீங்கன்னு தான் இருந்தேன். சரி."

இவ்வளவு எளிதாய் அமைந்துவிட்டதைக் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டியவன், ஐயுற்றான். இவன் உள்ளத்தில் உண்மையாகவே நம்பிக்கை வேர்கொண்டதா, அன்றித் தன்மீது இரங்கித் தலையசைக்கிறானா என்ற நமைச்சல் அவனை அரித்தது.

"வேலிக்குள்ள வேணாம், அண்ணே. அந்த வேரு காவல் காக்குற தண்ணியில முழுகினா, ஊரு என்ன சொல்லும்? வேரு தான் காப்பாத்துச்சுன்னு சொல்லும். வெளிய போயி முழுகலாம். நீங்க யாரை நம்புறீங்கன்னு எல்லாரும் பாக்கட்டும்."

முன்சாக்கா கீரைக் கலத்தை அப்பால் தள்ளிவைத்தான். அடுப்பருகே நீர் நிறைத்த சுரைப்புகைக்குழாயைக் குமிழியிட உறிஞ்சிக்கொண்டிருந்த அவன் மனைவி முத்திண்டா உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுத் தலைநிமிர்ந்தாள்.

"அந்த வேரை வேணா அறுத்துப் போட்டுடறேனே," என்றான் முன்சாக்கா.

"அறுத்தா மட்டும் போதாது."

"நீங்களும் கூட வருவீங்களா?"

"வர்றேன். உங்க கையைப் புடிச்சுக்கிட்டே வர்றேன்."

"அப்ப சரி," என்றான் அவன். முத்திண்டா புகைக்குழாயைத் தரையில் வைத்துவிட்டாள்.

ஞாயிறன்று ஊர் முழுதும் கரையில் கூடியிருக்க, வெண்துகில் உடுத்த இருவரும் முளைவேலியின் வாயிற்கழியை நீக்கி வெளியே நடந்தனர். நீர் முழங்காலைக் கடந்து இடுப்பளவை எட்டியது. ஆறு அமைதியாயிருந்தது, ஒரு குமிழியும் இல்லை, ஓர் அலையும் இல்லை. மலாம்போ தன் இடக்கையால் முன்சாக்காவின் மணிக்கட்டைப் பற்றி, வலக்கையை விண்ணோக்கி உயர்த்தி, தந்தையின் பெயரைச் சொல்லி முடித்து, மகனின் பெயரைச் சொல்ல வாயெடுத்தான். அந்தச் சொல் முழுமையடையவில்லை. நீர் ஒருமுறை வெண்மையாய்ப் பிளந்தது. பற்றியிருந்த கையை ஏதோ ஒன்று மாளாத வலிமையோடு ஆழத்திற்கு இழுத்தது. அவனும் இழுத்தான், தன் தோள்மூட்டு கழன்று தெறிக்கும்படி இழுத்தான். பின்பு அவன் கை வெறுங்கையாய் மேலே வந்தது. கரையில் எழுந்த ஓலத்தை அவன் கேட்கவில்லை. நீர் மீண்டும் முன்போலவே அமைதியாய் ஒழுகத் தொடங்கியதை மட்டும் பார்த்துக்கொண்டு, மூன்று ஆடவர் வந்து பிடித்திழுக்கும்வரை இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தான்.

உடல் கிடைக்கவில்லை. உடலற்ற இழவுக்கும் அவ்வூரில் பறையும் கொம்பும் உண்டு. ஆடவர் நெடும்பறைகளை முழக்கிச் சுற்றிவர, மான்கொம்புகள் ஒன்றையொன்று விளித்து அழ, புழுதி எழும்பிப் பகலவனை மறைத்தது. மலாம்போ கழன்ற தோளைத் துணியால் கட்டிக்கொண்டு கூட்டத்தின் விளிம்பில் குந்தியிருந்தான். அவனை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அருகில் ஒருவரும் அமரவுமில்லை. அடித்திருந்தால் அவனுக்கு நன்றாயிருந்திருக்கும்.

அப்பொழுது மூங்கா வந்தான். முன்சாக்காவின் குலத்தாரைச் சாவு வீட்டிலும் பழித்து நகையாடும் உரிமை வழிவழியாய் மூங்காவின் குலத்துக்கு உண்டு. அவன் சொல்லும் எதற்கும் எவரும் சினங்கொள்ளலாகாது என்பது அந்நிலத்தின் முறைமை. கூட்டத்தின் நடுவே வந்த மூங்கா தடாலெனக் குப்புற விழுந்து, கைகால்களைப் பரப்பி முதலையாய் ஊர்ந்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

"ஐயோ, வயிறு! எவனையோ முழுங்கித் தொலைச்சிட்டேன்! உள்ள உக்காந்து ஜெபம் பண்றான்டா! சோளக் கஞ்சி இருந்தாக் குடுங்கடா, அவன் பசியில கத்துறான்!"

கண்ணீர் வழிய வழியப் பெண்கள் சிரித்தனர். முத்திண்டாவும் சிரித்தாள், சிரிப்பினூடே அவள் குரல் உடைந்து, தலையைத் தரையில் மோதிக்கொண்டு அழுதாள். மூங்கா எழுந்து, புழுதியைத் தட்டாமலே, கூட்டத்தின் விளிம்பிற்கு வந்து மலாம்போவின் முன் குந்தினான்.

"என்னய்யா உபதேசியாரே, உன் சாமிக்குக் கண்ணு தெரியாதா?"

மலாம்போ தலைகுனிந்தான்.

"கேக்குறேன்ல? வேலிக்குள்ள ஒருத்தன் நின்னா அவருக்குத் தெரியாதா? வெளிய கொண்டு போயித் தான் காட்டணுமா? இல்ல, தெரியாதது உனக்கா?"

சுற்றியிருந்தோர் சிரிக்கவில்லை. நகையாடலாய்த் தொடங்கிய அவ்வினா நகையாடலாய் முடியவில்லை. மலாம்போவின் உள்ளே ஒன்று மட்டும் தெளிந்தது: தான் முன்சாக்காவை ஆற்றின் நடுவே இழுத்துச் சென்றது அவன் நம்பிக்கையைக் காட்ட அன்று, தன் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள.

பறை ஓய்ந்தது. மன்றத்தார் பணியிடத்தை மூடிவிட்டதாய்ச் செய்தி வந்தது. கோயிலுக்கு எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த ஓரிருவரும் வராதொழிந்தனர். மலாம்போ தன் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், வாயிலில் சுரைப்புகைக்குழாய் குமிழியிடும் ஒலி கேட்டது. முத்திண்டா நின்றாள். தலை மழித்து, இழவுக்கயிறு கழுத்தில் கிடக்க, கண்கள் குழிந்து நின்றாள்.

"மூட்டை கட்டியாச்சா?"

"ஆமாக்கா. இங்க எனக்கு இனி என்ன இருக்கு?"

"வேலி ஆடுது. கழி ரெண்டு சாஞ்சு போச்சு. நடுறவன் இல்ல." அவள் ஒருமுறை புகையை இழுத்து விட்டாள். "நடுறவனைக் கொண்டு போனவரு நீங்க தானே. நீங்க நடுங்க."

மூட்டையின் முடிச்சில் அவன் விரல்கள் அசைவற்றுப் போயின. நாள்கணக்காய் அவன் நெஞ்சை அறுத்த வினா, அடக்கியும் அடங்காது வெளிப்பட்டது. "அக்கா, அவரு... உண்மையிலயே நம்பினாரா?"

முத்திண்டா அவனை வெறித்துப் பார்த்தாள். "கோழி கூவுறதுக்கு முன்ன எந்திரிப்பாரு. எங்க ஆத்தோரத் தோட்டத்தைப் புடுங்கிக்கிட்டானே, அந்தப் பாவி பேரைச் சொல்லி, அவன் வயலு நல்லா வெளையணும்னு உங்க சாமிகிட்டக் கேப்பாரு. எனக்கு வயிறு எரியும். பாயில படுத்துக்கிட்டே திட்டுவேன், உனக்குப் பைத்தியமான்னு. அப்புறம் உங்க பேரைச் சொல்லுவாரு. உபதேசியாருக்கு மனசு நெறையணும்னு கேப்பாரு. ஒரு வருசத்துக்கு மேல இதே தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

"அவருக்குச் சொல்லத் தெரியாது. கழி நடத் தான் தெரியும்."

மலாம்போ அப்படியே தரையில் அமர்ந்துவிட்டான். தான் இல்லையென்று அழுத பயிர் தன் கண்ணெதிரே கதிர்விட்டு நின்றதும், காணாத கண்ணோடு தானே அதைக் களைந்ததும் ஒருசேர விளங்கிய அந்நேரத்தில், முன்சாக்காவை ஆறு கொண்ட நேரத்தைவிடக் கொடிதாய் அவன் அழுதான். அவள் தடுக்கவில்லை, தேற்றவுமில்லை.

"அக்கா, என்னை மன்னிப்பீங்களா?"

"அதைக் கேக்காதீங்க." அவள் குரல் உயரவில்லை. "கேட்டுக் கேட்டுத் தான் என் புருசனைக் கொன்னீங்க. கோடாலி எங்க வீட்டுல இருக்கு. வாங்க."

அவன் மலையேறவில்லை. தோள் முழுதும் ஆறாத நிலையில் கழி வெட்டினான், முள் செருகினான், சிறு தோட்டமொன்றில் சோளமும் பூசணியும் இட்டு உண்டான். வெள்ளம் வந்து வேலியைக் கொண்டுபோகும்; வடிந்ததும் மீண்டும் நடுவான். மழைக்கோயில் பூசகர் தாமே வந்து முதல் முளையில் வேரைக் கட்டும்போது, அவன் கழி அசையாதபடி பிடித்துக்கொண்டு வாளாநிற்பான். அவன் உள்ளம் அப்போதும் வலித்தது; ஆனால் அந்த வலியைத் தன்னினும் பொறுமையுள்ள இறைவனிடம் ஒப்படைக்க அவன் கற்றுக்கொண்டிருந்தான். ஞாயிறுதோறும் பழைய ஏர்க்கொழுவைத் தட்டி ஒலியெழுப்பி, வெற்றுக் கட்டைகளுக்கு முன் நின்று மறையுரை கூறினான். கேட்பார் இல்லாத உரையைக் கைவிடாது கூறுவதைப் போல் மானம் கெட்ட வேலை உலகில் இல்லை என்று ஊரார் நகைத்தனர். மூங்காவோ தெருவெல்லாம் அவனைப் போல் நடித்துக் காட்டினான்.

இவ்வாறு வெள்ளங்கள் வந்து போயின. பின்னொரு ஞாயிறு, மழைக்கு ஏங்கி மலைகள் வெந்து கிடந்த காலையில், அவன் பேசிக்கொண்டிருந்தபோது வாயிலில் நிழல் படிந்தது. நரைமயிர் முளைத்த தலையோடு முத்திண்டா உள்ளே வந்து, கணவன் அமர்ந்த பின்பக்கத்துக் கட்டையில் அமர்ந்து, புகைக்குழாயைப் பற்றவைத்தாள். கோயிலில் புகைத்தல் தகாது என்று முன்னொரு நாள் முழங்கியவனின் உரைக்கு நடுவே, அந்தச் சுரைக்காயின் நீர் குளகுளவென ஒலித்தது.

அவன் நாவின் நுனிவரை ஒரு வினா எழுந்தது. நம்பியா வந்தாய், மன்னித்தா வந்தாய், நிழலுக்கா வந்தாய் என்று கேட்டுவிட அவன் உயிர் துடித்தது. வாயிலுக்கு அப்பால் காலைவெயிலில் மின்னிய ஆற்றையும், அதன் ஓரத்தில் தன் கையால் நட்ட வேலியையும், அதற்குள் அச்சமின்றி நின்று நீர் முகந்த பெண்களையும் ஒருமுறை நோக்கினான். பிறகு கண்ணைத் தாழ்த்தி, விட்ட சொல்லிலிருந்து தன் உரையைத் தொடர்ந்தான்.

அவள் அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை, பின்பு வந்தாள். அவள் நெஞ்சில் என்ன வளர்ந்தது, அன்றி ஒன்றுமே வளரவில்லையா என்பதை மலாம்போ தன் வாழ்நாள் முடியும்வரை அறிந்தானில்லை. முன்சாக்காவுக்குச் செய்த பிழைக்கு அவன் செலுத்த முடிந்த காணிக்கை அவ்வளவே: ஆண்டுதோறும் வேலி நட்டான், ஞாயிறுதோறும் பேசினான், ஒருபோதும் அவளைக் கேட்கவில்லை.