கதீஜா இஸ்திரி போட்ட விமானம்

ரவூப் தன் கடைக்கு மேல்மாடி வீட்டில் கட்டிய விமானம், இன்ஜின் மாட்டுவதற்கு முன்பே மிதக்கத் தொடங்கிவிட்டது. ஜாலான் புசார் கடைத்தெருவில் ஆணி, திருகு, அலுமினியக் குழாய் விற்பவர் அவர். ஒருவர் மட்டும் உட்காரும் சிறிய விமானத்தின் வரைபடத்தை வாங்கி, விற்காமல் கிடந்த குழாய்களையெல்லாம் மேலே ஏற்றி, வருடக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தார். கூடத்தில் இறக்கை வளர்ந்ததற்கு அவர் மனைவி கதீஜா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோபாவை விற்றபோதும் சொல்லவில்லை. அவள் வருத்தமெல்லாம் அந்த இருக்கையில்தான். "ஏங்க, ஒரு சீட்டுதானா?" என்று கேட்டாள். "பிளான்ல அப்படித்தான் இருக்கு லா" என்றார் மனிதர். இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர் சொல்லும் பதிலா அது? அன்றோடு கதீஜா அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இறக்கையில் ஒட்டிய துணியை இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி இறுக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. சட்டைக் காலரையே கருக்குகிறவர் என்பதால் ரவூப் அதைக் கதீஜாவிடம் விட்டார். அவள் வாயைத் திறக்காமல் தேய்த்து முடித்த மறுநாள், விமானம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நின்றது. அடியில் அவள் வழக்கம்போலப் பெருக்கினாள். ரவூப் ஏறி உட்கார்ந்தால் மட்டும் லிஃப்ட் மாதிரி மெதுவாகக் கீழே இறங்கிவிடும். விசாரிக்க வந்த அதிகாரி, இன்ஜின் இல்லாத விமானத்தை மேசை நாற்காலிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக் குடித்துவிட்டுப் போனார். ரவூப்புக்குத்தான் சோறு இறங்கவில்லை. பறக்கவும் முடியவில்லை, வீட்டில் பேச்சும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கே உறைத்தது. "நீ உக்காரு கதீஜா" என்றார். "பிளான்ல என் பேர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவள் முக்காட்டை இழுத்துச் சொருகி ஏறினாள். ஜன்னல் சுவர் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. தேக்கா சந்தை வரைக்கும் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். கீழே அண்ணாந்து நின்ற ரவூப்புக்குக் கண் கலங்கியது. பொறாமையும் இருந்தது, மறைப்பதற்கில்லை. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, "காத்து நல்லாத்தான் இருக்கு. பேசத்தான் ஆள் இல்ல" என்றாள் கதீஜா.

இனி விமானம் அவரையும் ஏற்றிக்கொள்ளும் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எதிர்பார்த்தார்கள். ஏற்றிக்கொள்ளவில்லை. இப்போது சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் இருவரும் காலாறக் கிளம்புகிறார்கள். கதீஜா கடைக்கூரைகளுக்குச் சற்று மேலே, ரவூப் கீழே நடைபாதையில், அவர் நடைக்கு ஏற்ற வேகத்தில். பொங்கோல் பக்கம் குடியிருக்கும் மகள் முனீராவின் வீட்டுக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை எடுப்பது என்பதெல்லாம் ஊருக்கே கேட்கிறது. சாலை கடக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ரவூப் நிற்கிறார். மேலே கதீஜாவும் நிற்கிறாள்.