அக்கா கட்டிய சிவப்புச் சீட்டு

அருங்காட்சியகத்தின் பறவை அறையை முப்பது வருடம் பார்த்துக்கொண்டவள் என் அக்கா. அவள் ஓய்வு பெற்றதும் சாவி என் கைக்கு வந்தது. "அக்கா மாதிரி வருமா?" என்ற பேச்சும் கூடவே வந்தது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒரு பறவையினத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்க எந்த உடலைப் பார்த்தார்களோ, அதுதான் அந்தப் பெயருக்கு ஆதாரம். அதன் காலில் சிவப்புச் சீட்டு தொங்கும். அப்படி ஒரு தீவுக் குருவி எங்களிடம் உண்டு. அந்த இனமே இப்போது பூமியில் இல்லை. நாளை ஆராய்ச்சிக்காரர் வந்து அதன் காலில் துளித் தோல் எடுத்துப் பரிசோதிக்கப் போகிறார்.

எதற்கும் இருக்கட்டும் என்று பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'இடது இறக்கையில் குண்டு பட்டு மூன்றாம் இறகு முறிந்தது' என்று தீவுக் குருவிக்கு நேரே எழுதியிருந்தது. சிவப்புச் சீட்டுக் குருவிக்கு எல்லா இறகும் முழுசாக இருந்தன. அதே டிராயரில் பக்கத்தில் கிடந்த, பார்வைக்கு அதே மாதிரியான ஊர்க்குருவிக்குத்தான் முறிந்திருந்தது. சீட்டுகள் இடம் மாறியிருக்கின்றன!

போன் போட்டதும் அக்கா வந்துவிட்டாள். டிராயரைப் பார்த்தவுடனே முகம் வெளுத்தது.

"சேர்ந்த புதுசுல ஈரம் பட்டு ரெண்டு சீட்டோட நூலும் அறுந்துபோச்சு. குத்துமதிப்பா கட்டிட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்டி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளைச் சொல்லித்தானே இத்தனை நாள் என் உயிரை வாங்கினார்கள்! ஆனால் முப்பது வருடமாக அவள் இதை மனதில் சுமந்திருக்கிறாள் என்று நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை.

"சத்தமில்லாம மாத்திக் கட்டிடலாம்க்கா. உன் பேர் கெடவேண்டாம். யாருக்குத் தெரியும்?"

"நடுவுல எத்தனை பேர் இதை அளந்து எழுதியிருப்பாங்க? தப்பான குருவியை அளந்தோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் அறையில் பழைய சீட்டை எடுக்கவே கூடாது. திருத்தத்தைப் புதுச் சீட்டில் எழுதி, கீழே பெயர் போட்டு, அதே காலில் சேர்த்துக் கட்டவேண்டும். அக்கா இரண்டு சீட்டு கேட்டு வாங்கினாள். 'இச்சீட்டுகள் இடம் மாறியவை. தவறாக மாற்றிக் கட்டியது நான்' என்று எழுதி முழுப் பெயரும் போட்டாள். ஒவ்வொரு காலிலும் இரட்டை முடிச்சாகக் கட்டினாள்.

"இனிமே அக்கா மாதிரி வருமான்னு எவனாவது கேட்டா, இந்த டிராயரைத் திறந்து காட்டு," என்றாள்.

"வராதுதான்க்கா," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.