எதற்கும் தலையாட்டாத மனுஷன்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தாலே எதிர்ப்பேச்சுதான் வரும். மழை பெய்கிறது என்றால் தூறல் என்பார். சரி, தூறல் என்று ஒப்புக்கொண்டால் மேகத்தைப் பற்றி வகுப்பெடுப்பார். அந்த வாய் வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம் மட்டும் அடைபடும். அதற்காகவே நான் வாரம் முழுக்கக் காத்துக் கிடப்பேன்.

மூழ்கிப்போன கப்பல்களுக்குள் போய்ப் படம் எடுப்பது அவர் தொழில். முதுகில் மாட்டுவது ரீப்ரீதர். அவர் விட்ட மூச்சையே வாங்கி, கெட்ட காற்றைச் சுண்ணாம்புக் குருணையில் வடிகட்டி, குறைந்துபோன ஆக்சிஜனை ஈடுகட்டி அவருக்கே திருப்பிக் கொடுக்கும். தண்ணீரில் இறங்கும் முன் கரையிலேயே மூக்கைக் கவ்வியால் பொத்திக்கொண்டு, ஐந்து நிமிடம் அதில் மூச்சு விட்டுப் பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கீழே போன பிறகு தெரிந்தால் ஆளை மூட்டையாகத்தான் மேலே கொண்டுவர வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும் என்பது விதி. இந்த மனுஷனுக்கு என்னை விட்டால் யார் உட்காருவார்கள்?

ஆக்சிஜன் அளவைச் சொல்ல உள்ளே மூன்று சென்சார்கள். இரண்டு ஒத்துப்போனால் மூன்றாவதன் பேச்சை மெஷின் காதில் போட்டுக்கொள்ளாது. எங்கள் வீட்டில் அவரும் அவர் அக்காவும் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி என்பது போலத்தான். அந்த மூன்றில் இரண்டு ஆயுள் முடிந்த கிழடுகள். மாற்றுங்கள் என்று தொண்டை வறளக் கத்தியும், நன்றாகத்தானே ஓடுகிறது என்று சாதித்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார்.

அன்று படகுத்துறை ஸ்டோர் ரூமில் பெஞ்சில் உட்கார்ந்து வாய்க்குழாயைக் கவ்வினார். வெளியே படகுக்காரர் என்ஜினைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நான் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு என் கச்சேரியை ஆரம்பித்தேன்.

அம்மா வந்து ஒரு மாதம் தங்கட்டுமா என்றேன். புருவம் ஏறியது, தலை இடவலமாக ஆடியது. வாய் இல்லாமலேயே சண்டை போடத் தெரிந்தவர். ஹாலை அடைத்துக்கொண்டு கிடக்கும் துருப்பிடித்த நங்கூரத்தைத் தூக்கி எறியட்டுமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். என் காதையே, இல்லை, என் கண்ணையே நம்ப முடியவில்லை. சூட்டோடு சூடாக அம்மா விஷயத்தை மறுபடி எடுத்தேன். அதற்கும் சரி. ஆறு மாதம் என்றேன். அதற்கும் சரி, கூடவே ஒரு புன்னகை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆசை யாரை விட்டது? அவர் அக்கா சமையலை வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். விரலை வளைத்து, நீ சொல்வது ரொம்பச் சரி என்பது போலக் காட்டினார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. உயிரே போனாலும் அக்காவின் சமையலை விட்டுக்கொடுக்காத மனுஷன் இது. அவர் கையில் கட்டியிருந்த மெஷினின் திரையைத் திருப்பிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கிழட்டுச் சென்சார்கள் இரண்டும் ஒரே எண்ணில் அசையாமல் நின்றன. ஆள் மூச்சு விட்டால் எண் கொஞ்சமாவது ஆட வேண்டும். புதிது மட்டும் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

மெஷின் சரி என்கிறது. புருஷனும் சரி என்கிறார். நான் ஒருத்திதான் இல்லை என்கிறேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு இதையே சொல்லிக் காட்டுவார். சொல்லிக் காட்டட்டும் என்று வாய்க்குழாயைப் பிடுங்கினேன், கவ்வியையும் கழற்றி எறிந்தேன்.

என் தோளிலேயே சாய்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது, வலிக்காது, புத்திதான் முதலில் மழுங்கும், சிரித்துக்கொண்டே போய்ச் சேரலாம் என்று அவர்தான் எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். நான் கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். கூப்பிடாத சாமி பாக்கியில்லை.

ஒருவழியாகக் கண்ணைத் திறந்தார்.

"எதுக்குடி பிடுங்கின? நான் நல்லாத்தானே இருந்தேன்."

"உங்க அக்கா சமையல் வாயில வைக்க முடியலன்னு சொன்னேங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்க."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படகுக்காரரைக் கூப்பிட்டு இன்றைக்குப் பயணம் இல்லை என்றார். மெஷினைத் திறந்து, ஈரத்தில் ஊறிக் கிடந்த அந்த இரண்டு கிழடுகளையும் தன் கையாலேயே குப்பைக்கூடையில் போட்டார். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார்.

"நான் அப்படியெல்லாம் தலையாட்டியிருக்கவே மாட்டேன். நீ தப்பாப் பார்த்திருப்ப. முதல்ல உனக்குக் கவனிக்கவே தெரியல..."

"பேசுங்க" என்று அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "நிறுத்தாம பேசுங்க."