வெடி லாரியில் வெங்கச்சங்கல்

என் வீட்டுக்காரர் தேவாசீர்வாதம் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் எடுப்பவர். அவரோடு ரோட்டில் போவது பெரும்பாடு. பனையை இறுக்கி வளரும் ஆலமரத்தைக் கண்டால் நின்றுவிடுவார். பாம்புச் சட்டை கிடந்தால் மடித்துப் பைக்குள் வைப்பார். ஐம்பத்தெட்டாம் வருஷம், தீபாவளி சீசனில், சிவகாசியில் பஸ்ஸைத் தவறவிட்டு மாரிசாமி ஓட்டிய வெடி லாரியில் விருதுநகருக்குத் திரும்பினோம். அன்றும் இவர் சும்மா வரவில்லை.

ஏறும்போதே மாரிசாமி கறாராகச் சொன்னார். "தீப்பெட்டி இருந்தா இங்கனயே போட்டுருங்க சார். ஆணி அடிச்ச செருப்பும் ஆகாது." இவர் செருப்பைத் தெரிந்த கடையில் விட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வெறுங்காலோடு ஏறினார்.

ஆமத்தூருக்கு முன்னால் ரேடியேட்டர் கொதித்தது. மாரிசாமி தண்ணீருக்காகக் கண்மாய்க்குப் போனார். இவருக்குக் கேட்கவா வேண்டும்? பேனாக்கத்தியால் தூக்கணாங்குருவிக் கூடு ஒன்றை அறுத்து என் மடியில் போட்டார். ஓடையோரம் எதையோ பொறுக்கிக்கொண்டு லாரியின் பின்பக்கம் போய்வந்தார்.

லாரி கிளம்பியதும் இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பிள்ளைகளுக்குக் காட்ட வெங்கச்சங்கல் கெடச்சிருக்கு, தேவமணி. வெள்ளைவெளேர்னு இருக்கு. ஒண்ணோட ஒண்ணு தட்டுனா பொறி பறக்கும். இரும்புல ஒரசுனா இன்னும்..." என்றவர் அப்படியே நிறுத்தினார்.

"எங்கன வச்சிருக்கீக?" என்றார் மாரிசாமி.

"பின்னால. வெடிப் பெட்டிக்கு நடுவுல."

மாரிசாமி பிரேக்கை மிதிக்கவில்லை. வண்டி குலுங்காமல் தானாக ஓய்ந்து நிற்கட்டும் என்று விட்டார். நான் ஆஸ்பத்திரி நர்ஸ். வெடித் தீக்காயத்தில் தோல் எப்படி உரியும் என்று கட்டுப்போட்ட எனக்குத் தெரியும். 'கர்த்தரே' என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை.

நின்றதும் இவரே பின்னால் ஏறி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஒன்றோடொன்று படாமல் வாங்கித் தூரப் போட்டேன். ஆறு கல்.

"அம்புட்டுத்தானா சார்?"

இவர் விழித்தார். "ஆறா, ஏழான்னு ஞாபகம் இல்லையே."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வாங்க. நான் லோடு சேத்தாகணும்."

"வச்சது நான்" என்று சொல்லி இவர் பெட்டிகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார், தடவித் தேடிக்கொண்டே வருகிறேன் என்று. இவரை விட்டுவிட்டு நான் எந்த பஸ்ஸில் போக? முன்னால் ஏறினேன்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் உயிர் போய் வந்தது. பின்னாலிருந்து அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். "மாரிசாமி, கேக்குதா?" என்றேன். அவர் வேகத்தை இன்னும் குறைத்தார். என் மடியிலிருந்த கூடு நார் நாராகப் பிய்ந்துவிட்டது.

விருதுநகர் சரக்குக் கிட்டங்கியில் கடைசிப் பெட்டியும் இறங்கியது. கல் இல்லை.

"ஆறுதான் போல" என்று இவர் சிரித்து, முகம் துடைக்கக் கைக்குட்டைக்காக ஜிப்பாப் பைக்குள் கைவிட்டார். முதலில் பேனாக்கத்தி வந்தது. அதில் 'டிக்' என்று இடித்துக்கொண்டு, வெள்ளைவெளேரென்று, ஏழாவது கல்லும் வந்தது.

மாரிசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் இவர் கையைப் பிடித்தேன். வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை.